பதினாலாம் நம்பர் கல்

முதலில் கறுப்புத் துணியைத்தான் கொடியில் போடுவார். கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டு; கம்பி ஒடிந்துபோன பழைய குடையிலிருந்து வெட்டி எடுத்தது. அதை நனைத்து, பிழிந்து, இரண்டு உதறு உதறி, கம்பியில் விரித்து, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிவிட்டு ஃப்ளோரா அக்கா உள்ளே போய் டீ குடிப்பார். டீ முடிந்து வெளியே வந்ததும் துணியை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஊரார் துணி எதுவும் வெளியே வராது. ஒட்டவில்லை என்றால், "ஆவட்டும்" என்று யாருக்கோ அனுமதி கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டு பக்கெட்டை இழுப்பார்.

ஆடி மாதத்தில் அனேகமாக எந்த நாளும் அனுமதி கிடைக்காது. மற்ற மாதங்களில் காற்றின் தயவு. அதனால்தான் அவரிடம் துணி போடுகிறவர்கள் யாரும் தேதி கேட்பதில்லை. கேட்டால், "மேட்டக் கேளுங்க" என்பார்.

மேடு என்றால் சைனைட் மேடு. பூமிக்கடியிலிருந்து கொண்டுவந்த பாறையை மாவாக அரைத்து, சைனைட் கலந்து தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த வெள்ளை மலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அதன் அடிவாரத்தில், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், பம்ப் லைன் என்று இருபது வீடுகள் ஒரே வரிசையாக நிற்கின்றன. காற்றடித்தால் மேடு கூரைவழியாக வீட்டுக்குள் வரும்; மழை பெய்தால் வாசல்வழியாக வரும். வருஷா வருஷம் மேடு கொஞ்சம் கரைகிறது, லைன் கொஞ்சம் புதைகிறது. இருபதாவது வீடு, அதாவது மேட்டுக்கு முதல் வீடு, ஃப்ளோரா அக்காவுடையது.

என் சட்டைகள் பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்குத்தான் போகின்றன. நான் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக்காரன். இருட்டில் ரயிலேறி பெங்களூரு போய், ஓர் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு, இருட்டில் திரும்பி வருகிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவன். உட்கார இடம் கிடைக்காமல் கசங்கி நசுங்கிப் போய் இறங்கினாலும் என் காலர் மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஆபீஸில் எனக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதை அந்தக் காலரால் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஃப்ளோரா அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. குள்ளம். இருபத்தைந்து வருஷமாகக் கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி இறக்கியதில் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை ஏறி நிற்கும். இஸ்திரி போடும்போது வாய் திறக்கமாட்டார். துவைக்கும்போது ஓயமாட்டார். எந்தத் துணி யாருடையது என்று அடையாளத்துக்கு நூல் கட்டுவதில்லை, மையால் எழுதுவதில்லை, எல்லாம் மனப்பாடம். ஆட்களின் பெயர்தான் நினைவில் நிற்பதில்லை. நான் அவருக்கு 'நீலக் கோடு'. ஹைஸ்கூல் கணக்கு டீச்சர் 'பட்டன் இல்லாத ஜாக்கெட்டு'. பாதிரியாரைக்கூட ஒருமுறை 'வெள்ளை அங்கி வந்துட்டு போச்சி' என்று சொல்லிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரு துணியை மட்டும் அவர் தொடமாட்டார். காக்கி. போலீஸ்காரர், பஸ் கண்டக்டர், ஏ.டி.எம். வாசலில் உட்காரும் செக்யூரிட்டி, யார் கொண்டுவந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். காரணம் கேட்டால், "காக்கி வூட்டுக்குள்ள வர வேணாம் தம்பி. இவுருக்கு ஆவாது" என்று மட்டும் சொல்வார். ஏதோ சாயம் போகிற சங்கதி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

'இவுரு' என்பது சிரில். அறுபத்தெட்டு வயது. சுரங்கம் ஓடிய காலத்தில் டிம்பர்மேன்; பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, ஆனால் அதன் தூசி அவர் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குழாயடிவரை நடந்தால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கவேண்டும். திரும்பி வந்தால் இரண்டு தடவை.

இந்த வீட்டில் மூன்றாவது உறுப்பினர் துவைக்கிற கல். நாலடி நீளம், ஒரு முழம் அகலம், நன்றாகச் செதுக்கிய கருங்கல். கடைசி வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் படுக்கவைத்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் அடித்ததில் நடுப்பகுதி லேசாகக் குழிந்து, வழவழவென்று ஆகியிருந்தது. லைனில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கல் கிடையாது. மற்றவர்கள் சிமெண்டுத் தரையில் அடித்துத் துணியைக் கிழித்துக்கொள்வார்கள். கல்லைப் பக்கத்து வீட்டுக்குக்கூட இரவல் விடமாட்டார் ஃப்ளோரா அக்கா. தாராளமான மனுஷிதான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் கஞ்சம்.

போன அக்டோபர் மழையில் மேட்டின் இந்தப் பக்கம் ஒரு பிளவு விட்டது. மதியம் இரண்டு மணிக்கு வெள்ளைச் சேறு புரண்டு வந்தது. நேராக வந்திருந்தால் கடைசி வீட்டைத்தான் அடித்திருக்கவேண்டும். கல் போட்ட மேடையில் மோதித் திரும்பி, பத்தொன்பதாவது வீட்டின் சமையலறைக்குள் முழங்கால் அளவுக்குப் புகுந்துவிட்டது. அது பார்வதம்மாவின் வீடு. அரசுப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவர், தனியாள். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் தன் அடுப்பு எங்கே என்று தெரியவில்லை. ஒன்பது நாள் ஃப்ளோரா அக்கா வீட்டில்தான் படுக்கை. ஒன்பது நாளும் லைன் மொத்தமும் சேறு வாரியது. பின்சுவரில் கை நுழைகிற அளவுக்கு விட்ட வெடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதற்கப்புறம்தான் மேல்மட்டத்தில் யாருக்கோ உறைத்தது. மண் அரிப்பைத் தடுக்கத் திட்டம் வருகிறது என்றார்கள். ஜனவரியில் கிரண் வந்தார். முப்பது வயதிருக்கும், சர்வே இன்ஜினியர், கோலார் பக்கத்து ஆள். முக்காலியும் கருவியும் இரண்டு ஆட்களுமாக நாலு நாள் மேட்டைச் சுற்றினார். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிற நல்ல பிள்ளை. யார் டீ கொடுத்தாலும் வாங்கிக் குடித்தார். முதல் நாளே சாக்கடையில் வழுக்கி விழுந்ததால் ஃப்ளோரா அக்காவுக்கு 'சேத்துப் பேண்ட்டு' ஆகிவிட்டார்.

அவர் தேடியது ஒரு கல்லை. கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்தில் மேட்டைச் சுற்றி நம்பர் செதுக்கிய எல்லைக்கற்கள் நட்டிருந்தார்கள். பதிமூன்றாம் நம்பர் இருந்தது, பதினைந்தாம் நம்பர் இருந்தது. நடுவில் பம்ப் லைன் பக்கமாக மேடு வயிறு தள்ளிக்கொண்டு வருகிற இடத்தில் இருக்கவேண்டிய பதினாலைக் காணோம். மண்ணுக்குள் புதைந்திருக்கும் என்றார்கள் லைன்காரர்கள். இரண்டு இடத்தில் தோண்டிக்கூடப் பார்த்தார்கள். நான் சட்டை வாங்கப் போயிருந்த நேரம். கிரண் களைத்துப்போய் வந்து ஃப்ளோரா அக்காவிடம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, பாட்டிலை நிரப்பித் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, பதினாலாம் நம்பர் கல்லை எங்காவது பார்த்தீர்களா அம்மா என்று அவரிடமே கேட்டார். அக்கா ஒரு பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். "எனுக்கு இன்னா தெரியும் சார்" என்றார். பாட்டில் இருந்ததே, அதுதான் பதினாலாம் நம்பர் கல்.

இது எனக்கு ஜூன் மாதம்தான் தெரியவந்தது.

ஜூனில் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டு, சுவரில் வரைபடத்தை ஒட்டினார்கள். பம்ப் லைன் மொத்தமும் வந்திருந்தது; அன்று எனக்கு லீவு, நானும் போயிருந்தேன். திட்டம் சுலபமானதுதான். எல்லைக்கற்களை ஒட்டி ஒரு கோடு. கோட்டிலிருந்து பத்து மீட்டருக்குள் இருக்கும் வீடுகளை எடுத்துவிட்டு, கருங்கல் சுவரும் வாய்க்காலும் கட்டுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீடுகள் அப்படியே பத்திரமாக நிற்கும். ஆனால் பதினாலாம் கல் இல்லாததால் பதிமூன்றையும் பதினைந்தையும் நேர்கோட்டில் இணைத்துவிட்டார்கள். மேட்டின் வயிறு கோட்டுக்கு வெளியே நின்றது. வயிற்றுக்குக் கீழே இருக்கும் பம்ப் லைனுக்குச் சுவரும் இல்லை, வாய்க்காலும் இல்லை. காகிதத்தின்படி எங்களுக்கு மேடே இல்லை என்றார் ராஜேந்திரன்.

ராஜேந்திரன் லைன் சங்கத்துச் செயலாளர். மூன்று மொழியிலும் மனு எழுதத் தெரிந்தவர். போன அக்டோபரில் பார்வதம்மா வீட்டுக்குள் வந்தது பாயசமா என்று கேட்டார். கிரண் முகம் சிவந்துபோனார். வழிந்து வந்த மண் சரிவுக் கணக்கில் சேருமே தவிர மேட்டுக் கணக்கில் சேராது என்று விளக்கினார். "மேடு எது வரைக்கும்னு கல்லு சொல்லணும் சார். நான் சொன்னா ஆகல்ல" என்றார். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் ஆதாரத்தோடு கொடுக்கலாம் என்று கூட்டம் முடிந்தது. பார்வதம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுபடி மழைக்காலம் வர இன்னும் எத்தனை மாதம் என்று மட்டும் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு ஃப்ளோரா அக்கா வரைபடத்துக்குக் கிட்டே போனார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கிரண் பென்சிலால் பதிமூன்றிலிருந்து மேட்டின் வயிற்றை ஒட்டிக் குத்துமதிப்பாக வளைத்து ஒரு கோடு போட்டார், பிறகு சுவருக்கு இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோடு ஒரு சின்னக் கட்டத்தின் நடுவே போயிற்று.

"இது யாரு வூடு சார்?"

"லாஸ்ட் வீடு அம்மா. அது ஒண்ணுதான் போகும். மத்ததுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களுக்கு பங்காருப்பேட்டை ரோட்ல ஃப்ளாட் சிக்கும்."

"எத்தினியாவது மாடி?"

"மூணாவது இருக்கும். கீழ எல்லாம் ஃபுல் ஆய்டுச்சி."

அக்கா "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டித்தான் போனார், ஆனால் பார்த்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த வாரம் ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது கவனித்தேன், என் சட்டையின் இடது கையில் இரண்டு மடிப்புக் கோடு. பதினோரு வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. மறுவாரம் காலர் நிற்கவில்லை. எனக்கு எரிச்சல். கேட்டே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா துவைத்துக்கொண்டிருந்தார், பேசாமல் துவைத்துக்கொண்டிருந்தார். அதுவே எனக்கு என்னமோ போலிருந்தது. சட்டையை நீட்டினேன். அதைக் கையில் வாங்கி மடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மேடையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார்.

கல்யாணமான புதிது. சிமெண்டுத் தரையில் அடித்து சிரிலின் ஷிஃப்டு சட்டை கிழிந்துபோயிற்று. புதுப் பெண்டாட்டி அழுதுவிட்டார். அன்று மத்தியானம் ஷிஃப்டு முடிந்து வந்த சிரில், இரண்டு கூட்டாளிகளோடு கடப்பாரையை எடுத்துப்போய், வீட்டுக்கு அப்பால் பத்துப் பதினைந்து தப்படியில் நின்ற கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். "எல்லா ஆம்பளயும் பொண்டாட்டிக்கு பொடவ எடுத்தாருவான். இவுரு கல்லு எடுத்தாந்தாரு." நம்பரைக் கவனித்தது மறுநாள்தான். எழுத்துப் பக்கத்தை அடியில் போட்டுப் படுக்கவைத்தார்கள். குழி மிஞ்சியது. குழியைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று அதில் பாறையில் துளை போடுகிற ஒரு டிரில் ராடை நட்டு, கொடி கட்டி, அக்காவின் கல்யாணப் புடவையை அதில் காயப்போட்டார்கள். அந்த ராடும் கம்பெனியுடையதுதான். பயத்தில் அது தோன்றவில்லை.

அந்த வருஷம்தான் சிரிலோடு வேலை செய்த ஒருவர், சாப்பாட்டு டப்பாவில் ஒரு பித்தளை வால்வை வைத்துக்கொண்டு வந்ததற்காக வேலையை இழந்தார். சுரங்கத்திலிருந்து ஆட்களைத் தூக்கிவரும் கேஜில் ஏறி வந்தால் காக்கி உடுப்புக் காவல்காரர்கள் தலைமுடியைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அங்கே ஒரு துரும்பை எடுத்தாலும் திருட்டு. அன்றிலிருந்து காக்கியைக் கண்டால் சிரிலுக்கு வேர்த்துவிடும். கம்பெனி மூடிய பிறகும் வேர்த்தது. இன்றைக்கும் வேர்க்கிறது.

சிரில் வாசலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி கொடுத்த இந்த வீட்டுக்கு இன்னும் பத்திரம் கைக்கு வரவில்லை, இந்த நேரத்தில் கல்லைத் திருடினவன் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்றார். கம்பெனியே இல்லையே, கேட்க யார் வரப்போகிறார்கள் என்று அக்கா அலுத்துக்கொண்டார். அது அவர்களுக்குள் எத்தனையாவது தடவையோ.

"கம்பெனி போச்சி," என்றார் சிரில். "ஃபைலு அங்கியேதான் கீது."

எனக்கு அப்போது முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன்: இவர் போய்விட்டால் என் சட்டைகள் யாரிடம் போகும் என்பதுதான். பெரிய மனுஷனாட்டம் ஏதோ யோசனை சொன்னேன். ராஜேந்திரன் மனு கொடுக்கட்டும், போட்டோ எடுத்து அனுப்பலாம், கல் இல்லாமலேகூட ஏதாவது நடக்கலாம் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டார். கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, மூன்று மாடிக்கு எத்தனை படி இருக்கும் தம்பி என்று கேட்டார். ஐம்பது இருக்கலாம் என்றேன். அவர் சிரிலைப் பார்த்தார். குழாயடிக்கும் வாசலுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பார்த்தார். என் சட்டையை மறுபடியும் இஸ்திரி போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

முப்பது நாள் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு நான் ரயிலைத் தவறவிட்டேன். வயசாகிறது, ஓட முடியவில்லை. வீட்டுக்குத் திரும்ப மனசில்லாமல் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு பம்ப் லைன் பக்கம் வந்தால், ஆட்சேபங்களை நேரில் பார்க்க கிரண் வந்திருந்தார். ராஜேந்திரன் மூன்று பக்க மனுவை நின்றுகொண்டு வாசித்தார். கிரண் ஒவ்வொரு பத்திக்கும் தலையாட்டினார், எல்லாம் சரி, ஆதாரம் என்ன இருக்கிறது என்று கடைசியில் கேட்டார். ராஜேந்திரன் மனுவை மடித்தார். பார்வதம்மா வேலைக்குக் கிளம்பினவர், தன் வீட்டுப் பின்சுவர் வெடிப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அதையாவது ஆதாரமாக எடுத்துக்கொள்ளமாட்டார்களா என்கிற மாதிரி.

ஃப்ளோரா அக்கா இது எதையும் கேட்காதவர்போலத் துவைத்துக்கொண்டிருந்தார். கடைசித் துணியை அலசிப் பிழிந்து பக்கெட்டில் போட்டார். கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி சோப்பு நுரையைக் கையால் வழித்துத் தள்ளினார். பிறகு கதவோரம் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து வந்து கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினார். கல் அசையவில்லை. மறுபடி நெம்பினார், கடப்பாரை வழுக்கி விலகியது. என்ன செய்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. சிரில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் போய்க் கைகொடுக்கவில்லை.

மூன்றாவது தடவை கடப்பாரை கல்லைப் பிராண்டுகிற சத்தம் கேட்டதும் சிரில் திரும்பினார்.

"நடுவுல குடுக்காத ஃப்ளோரா. மூலைல குடு. கீழ ஒரு கட்டைய வெய்யி."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். நடந்து வந்தார், பாதியில் நின்றார், மூச்சு வாங்கினார், வந்து சேர்ந்தார். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு விறகுக் கட்டையைத் தன் கையாலேயே சரியான இடத்தில் நுழைத்தார். மரம் முட்டுக் கொடுத்தே ஆயுசைக் கழித்த கை, கட்டை போய் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ராஜேந்திரனும் நானும் கடப்பாரையை அழுத்தினோம். கல் புரண்டது. அடியில் ஈரமும் நாலைந்து மண்புழுவும், முப்பத்தைந்து வருஷத்துச் சோப்பு அடைத்துக்கொண்ட எழுத்துகளும். அக்கா துணி தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார். ஒன்று வந்தது, பிறகு நாலு வந்தது.

கிரண் குனிந்து இரண்டு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். தன் தண்ணீர் பாட்டில் அவருக்கு நினைவுக்கு வந்ததோ என்னவோ. கல் மட்டும் இருந்தால் போதாது, அது எங்கே நின்றது என்று தெரியவேண்டும் என்றார், கொஞ்சம் தயங்கித் தயங்கி. அக்கா கொடிக்கம்பியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கம்பியை அவிழ்த்தார். நட்டிருந்த டிரில் ராடின் தலையில் கையை வைத்தார்.

"இங்க. எடுத்தது நானுன்னு எழுதிக்கோங்க சார்."

"அவ எடுக்கல," என்றார் சிரில் பக்கெட்டில் உட்கார்ந்தபடியே. "நானுதான் எடுத்தேன். ஷிஃப்டு முடிஞ்சி வந்து."

கிரண் படிவத்தை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன், பிழை திருத்துகிறவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. கல் எண், கல் இருந்த இடம், அளவு, சாட்சி என்று நாலே கட்டங்கள். எடுத்தது யார் என்ற கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. முப்பத்தைந்து வருஷம் பயந்ததற்கு யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சிரில் சாட்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பார்வதம்மாவுக்குச் சாயங்காலம்தான் விஷயம் முழுசாகப் புரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நடையில் நேராகக் கடைசி வீட்டுக்குப் போய், உங்கள் வீடா அக்கா போகிறது என்று கேட்டு அழுதிருக்கிறார். ஃப்ளோரா அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பேசாதவர் அன்றைக்குப் பேசினார் என்று பார்வதம்மாவே என்னிடம் சொன்னார். "அன்னிக்கி சேறு என் கல்லுல இடிச்சித்தான் உன் வூட்டுக்குத் திரும்பிச்சி பார்வதி. உனுக்குத் தெரியாது. எனுக்குத் தெரியும்." அவ்வளவுதான். பெட்டியை எடுத்து அடுத்த துணியின் மேல் வைத்துவிட்டாராம்.

புது வரைபடம் வந்துவிட்டது. கோடு வளைந்திருக்கிறது. பத்தொன்பது வீடுகள் சுவருக்குள்ளே, ஒன்று வெளியே. கல்லைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே நிமிர்த்தி நட்டுவிட்டார்கள். நிமிர்ந்து நிற்கும் கல்லில் துணி துவைக்க முடியாது. அக்கா இப்போது மேடையின் சிமெண்டு ஓரத்தில் துவைக்கிறார். என் நீலக் கோடு சட்டை முழங்கையில் கிழிந்து வந்தது. வேறு நீல நூலால் தைத்திருந்தார். அதையே போட்டுக்கொண்டு ரயிலேறினேன். கொடி ஜன்னல் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே தாழ்வாகத் தொங்குகிறது, பெட்ஷீட் போட்டால் தரையைத் தொடுகிறது.

சிரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விடுகிறார். கோயிலுக்கு ஒன்பது படி. மூன்று ஏறி நிற்கிறார், அடுத்த மூன்று ஏறி நிற்கிறார். யாராவது கைகொடுக்க வந்தால் வேண்டாம் என்கிறார். ஃப்ளாட்டில் யார் வந்து கைகொடுப்பார்கள் என்று கேட்கிறார். போன வாரம் ஆறு படி நிற்காமல் ஏறினதாக அக்கா சொன்னார். சொல்லும்போது சந்தோஷப்படுகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மழைக்கு முன்னால் என்றார்கள், இப்போது மழைக்குப் பின்னால் என்கிறார்கள். கிரண் வேறு ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முன் ஒரு நாள் வந்து கடைசி வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கல்லின் நம்பரைப் பதினாலு என்று எழுதினார். இடிக்க வருகிற காண்ட்ராக்டர் ஆட்களுக்கு ஆளையும் தெரியாது, வீட்டையும் தெரியாது, அவர்கள் நம்பரை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம்.

ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. போன ஞாயிறு காலை பூசைக்கு முன்பே, துவைக்கப் போட்டிருந்த சட்டைகளை வாங்கப் போயிருந்தேன். மேட்டின் உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. கூரை, ஜன்னல், நாற்காலி எல்லாம் மாவு தூவின மாதிரி. சுவரில் இருந்த சிவப்பு வட்டம் பாதி மறைந்து, நாலு இருந்த இடம் வெள்ளையாகிக் கிடந்தது. இன்றைக்குத் துணி காயாது என்று எனக்கே தெரிந்தது.

ஃப்ளோரா அக்கா குடைத்துணியை பக்கெட்டில் நனைத்துப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார். கொடிக்குப் போகவில்லை. சுவரருகே போய் நம்பரைத் துடைத்தார். ஒன்றைத் துடைத்து, நாலைத் துடைத்து, நாலின் மூலையில் ஒட்டியிருந்ததைத் துணிக்குள் நகத்தை வைத்துச் சுரண்டி எடுத்தார். ரெண்டடி தள்ளி நின்று, பக்கத்தில் இருந்த பார்வதம்மாவின் சுவரையும் தன் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்பர் தெரியலன்னா அவ வூட்ல கை வெச்சிடுவானுங்க தம்பி," என்றார்.

பிறகு துணியை அலசிப் பிழிந்து, இரண்டு உதறு உதறி, தாழ்ந்து தொங்கிய கொடியில் விரித்து, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிவிட்டு, டீ குடிக்க உள்ளே போனார்.